எல்க் வேட்டைக்கு முதல் ரைபிள்: எந்தக் காலிபர் வாங்குவது?

கேள்வி இதுதான்: நோர்வேயில் வேட்டைத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிவிட்டீர்கள். இலையுதிர்காலத்துக்கு ஹெட்மார்க் பக்கம் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடும் ஓர் அணியில் இடமும் கிடைத்துவிட்டது. கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் எடு என்கிறார். வேலையிடத்து நண்பர் தன்னுடைய பழைய 6.5 இருக்க வேறு எதற்கு என்கிறார். கனடாவில் இருக்கும் மச்சான் .30-06 ஐத் தவிர எதையும் தொடாதே என்கிறார். எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டாவைச் சுடும் ரைபிள் வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டர், சாதாரண போல்ட் ரைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), ஐம்பது சென்டிமீட்டர் அளவில் குழல், முனையில் சைலன்சர். தெரிந்தவர் யாராவது நல்ல நிலையில் உள்ள .30-06 ஒன்றை மலிவாகத் தந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மேக்னம், அதாவது வேகமும் தோளில் விழும் உதையும் கூடிய தோட்டா, இப்போது வேண்டாம். நான் மேக்னத்தில் தொடங்கியவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மச்சானோடு பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே நாம் எல்க் என்று சொல்வதைத்தான் அங்கே மூஸ் என்கிறார்கள். வட அமெரிக்காவில் எல்க் என்றால் வேறு ஒரு பெரிய மான். இணையத்தில் எல்க் காலிபர் என்று தேடினால் மலைச்சரிவில் 300, 400 மீட்டர் தள்ளி நிற்கும் அந்த மானுக்கான ஆலோசனைதான் அதிகம் வரும். நீங்கள் போகப்போவது அடர்ந்த ஊசியிலைக் காடு. நாய் விலங்கைக் கிளப்பும், நீங்கள் போஸ்டில், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், உட்கார்ந்து காத்திருப்பீர்கள். பெரும்பாலான வெடி நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். நான் வைத்த வெடிகளில் அதிக தூரம் என்றால் 130 மீட்டர்தான்.

விலங்கின் அளவும் மனதில் இருக்கட்டும். வளர்ந்த காளை எல்க் 400, 500 கிலோ வரும். ஊரில் வன்னிக் காட்டில் பார்த்த பெரிய மரையைப் போல இரண்டு மடங்கு. அதே நாளில் உங்கள் முன்னால் வருவது நூற்றுச் சொச்சம் கிலோ கன்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே துவக்கு, ஒரே தோட்டாதான் கையில் இருக்கும்.

சரி, சட்டத்திலிருந்து தொடங்குவோம். பலர் இதைச் சடங்காக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள், ஆனால் காலிபர் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். சொற்களில் குழப்பம் வேண்டாம்: தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழுத் துண்டு. அதிலிருந்து பறந்து போய் விலங்கில் படுவது சன்னம். எல்க்குக்குப் பட்டதும் விரியும் சன்னம்தான் போட வேண்டும், அதன் எடை குறைந்தது 9 கிராம். எடை 9 முதல் 10 கிராமுக்குள் என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும்.

இதை உங்கள் நண்பரின் 6.5×55 இல் போட்டுப் பாருங்கள். சக்தி என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 9.1 கிராம் சன்னம் 100 மீட்டரில் வினாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 2490 ஜூல் வரும். 2700 தேவை, ஆகவே அது எல்க்குக்குச் செல்லாது. அதே ரைபிளில் 10.1 கிராம் சன்னம் 690 மீட்டர் வேகத்தில் போனால் 2400 ஜூல். முந்தியதைவிடச் சக்தி குறைவுதான், ஆனாலும் இது செல்லும், ஏனென்றால் 10 கிராம் கோட்டைத் தாண்டிவிட்டது. 6.5க்கான எல்க் தோட்டாக்கள் 10, 10.1 கிராம் என்று வருவது இதனால்தான். பாரமான சன்னம் வேகம் குறைந்து போனாலும் ஆழமாக இறங்கும் என்பதே அந்த விதிக்குள் இருக்கும் அறிவு. ஆக நண்பர் சொல்வது பிழையில்லை. நோர்வேயும் ஸ்வீடனும் சேர்ந்து 1890களில் உருவாக்கிய அந்தத் தோட்டா நூறு வருடத்துக்கு மேலாக எல்க்கை விழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதில் தோட்டாவைத் தேடி எடுக்க வேண்டும், பெட்டியைப் புரட்டி எடையைப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீளமான குழலில் அளந்தது. உங்கள் குழல் குட்டையாக இருந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வினாடிக்கு இரண்டு, மூன்று மீட்டர் வேகம் குறையும். இப்போது இளம் பிள்ளைகள் விரும்பும் 6.5 கிரீட்மோருக்கும் இதே கதைதான். 9.3 கிராம் சன்னத்தோடு அது 2700 என்ற கோட்டை ஒட்டியே நிற்கும், குட்டைக் குழலில் கீழே இறங்கிவிடும்.

.308 இல் இந்தத் தலைவலி இல்லை. 11.7 கிராம் சன்னம் 100 மீட்டரில் 3000 ஜூலுக்குப் பக்கத்தில் நிற்கும். .30-06 அதைவிட இருநூறு, முந்நூறு ஜூல் கூட. அந்த வித்தியாசத்தை எந்த எல்க்கும் உணர்ந்ததாக நான் பார்க்கவில்லை. 1952 இல் வந்த .308 இன் தோட்டா குட்டை, அதனால் ரைபிளும் கொஞ்சம் குட்டை, குட்டைக் குழலிலும் வேகத்தை அதிகம் இழக்காது. 1906 இல் பிறந்த .30-06 இங்கே இவ்வளவு பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. போர் முடிந்தபோது ஜெர்மன் படை விட்டுப்போன மௌசர் ரைபிள்களை நோர்வே ராணுவம் அந்தக் காலிபருக்கு மாற்றிப் பாவித்தது, பின்னாளில் அவற்றில் நிறைய வேட்டைக்காரர் கைக்கு வந்தன. என் அணியில் எழுபது தாண்டிய ஒருவர் இன்றும் அப்படி ஒரு மௌசரோடுதான் வருகிறார். அவர் வெடி தவறி நான் பார்த்ததில்லை.

சிறிய ஊரின் கடையில்கூட, சீசனுக்கு முதல் வாரத்தில்கூட, .308 உம் .30-06 உம் தட்டில் இருக்கும். பயிற்சிக்கு மலிவான தோட்டாவும் கிடைக்கும். முதல் வருடத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி மேக்னம். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963 இல் வந்த அருமையான தோட்டா. அதே 11.7 கிராம் சன்னத்தை வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் தள்ளும். திறந்த மலையில், தூரத்தில், பழகிய கையில் அதற்கு இடம் உண்டு. நான் வாங்கியதற்குக் காரணம் வேறு: பெரிய விலங்குக்குப் பெரிய துவக்கு என்ற நினைப்பு. தோள் தாங்கும் என்றும் நம்பினேன். தோள் தாங்கியது, கண்தான் தாங்கவில்லை.

முதல் வருடம் ஆகஸ்ட் மாதம் பயிற்சித் திடலில் என் குறிகள் இடமும் வலமும் சிதறின. பக்கத்தில் நின்ற அணித் தலைவர் ஒன்றும் பேசாமல் ரைபிளை வாங்கினார், எனக்கு முதுகைக் காட்டித் தோட்டா போட்டுத் திருப்பித் தந்தார். நான் குறி பார்த்து விசையை அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம் மட்டும். உள்ளே தோட்டா இல்லை. ஆனால் குழலின் நுனி ஒரு விரற்கடை அளவுக்குக் கீழே குத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கண்ணும் இறுக மூடித் திறந்திருந்தது. வெடிக்கப்போகும் உதைக்கு உடம்பு முன்கூட்டியே ஒடுங்குகிறது, அதுவும் விசையை அழுத்தும் அதே கணத்தில். உண்மையான தோட்டா இருந்தால் உதையில் இது தெரியவே தெரியாது. ரைபிள் சரியில்லை, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரியில்லை என்றுதான் நினைப்போம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், நான் நிறுத்தவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்து அந்த ரைபிளையே காட்டுக்குக் கொண்டுபோனேன். அக்டோபரில் ஒரு கன்று, அறுபது மீட்டர், அசையாமல் பக்கவாட்டில் நின்றது. அதைவிட இலகுவான வெடி கிடைக்காது. சன்னம் நான் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் பின்னால், வயிற்றில் பட்டது. இருட்டிவிட்டதால் அன்று தேட முடியவில்லை. அடுத்த நாள் காலை தேடுதல் நாய் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி அதைக் கண்டுபிடித்தது, அப்போதும் உயிரோடு இருந்தது. அந்த இரவை அது எப்படிக் கழித்திருக்கும் என்பது இன்றும் எனக்குள் இருக்கிறது. அந்தக் குளிர்காலமே ரைபிளை விற்று .308 வாங்கினேன்.

ஒரே எடையுள்ள ரைபிளில் .300 மேக்னத்தின் உதை .308 ஐ விட ஒன்றரை மடங்குக்குக் குறையாது. இருபது தோட்டா சுட்டால் அன்றைக்குப் போதும் என்று இருக்கும். .308 இல், சைலன்சரோடு, ஒரு பின்னேரத்தில் நாற்பது, ஐம்பது சுடலாம், அடுத்த நாளும் போக ஆசை வரும். கோடையில் முந்நூறு தோட்டா சுட்டவரையும் நாற்பது தோட்டா சுட்டவரையும் அக்டோபரில் ஒரே போஸ்டில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆண்டுதோறும் எழுத வேண்டிய பெருவிலங்குச் சுடுதேர்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: முப்பது பயிற்சி வெடி, பிறகு 100 மீட்டரில் ஐந்து வெடி, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். அதைப் பாஸ் பண்ணுவது கடினமில்லை, அதனால் அதைத் தகுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திடலில் மூச்சு வாங்காது, கை நடுங்காது, நாய் குரைக்காது. நீங்கள் நின்றுகொண்டு, மரத்தில் சாய்ந்து, முழங்காலில் உட்கார்ந்து என்று எல்லா நிலையிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் வைக்கப் பழக வேண்டும்.

சன்னத்துக்கு வருவோம். காலிபரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் சன்னத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதில்லை. விலங்குக்குள் வேலை செய்வது அதுதான். மலிவான மென்முனைச் சன்னத்தில் செம்பு உறைக்குள் ஈயம் சும்மா இறுகி நிற்கும். அது வேகமாகப் போய்க் கிட்டத்தில் எலும்பில் பட்டால் உடைந்து சிதறும். எல்க்கின் முன்தோள் எலும்பு என் மணிக்கட்டைவிடத் தடிப்பு. உடைந்த துண்டுகள் மேலே இறைச்சியை நாசமாக்கிவிட்டு நுரையீரலுக்குப் போகாமல் நிற்கலாம். மேக்னத்தில் இந்த ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் நாற்பது மீட்டரில் அதன் வேகம் மிக அதிகம். பொண்டட் என்று சொல்வதில் உறையும் ஈயமும் ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கும். காளான் மாதிரி விரியும், ஆனால் எடையில் பெரும்பகுதியை இழக்காமல் மறுபக்கம் வரை போகும். நோர்மா ஒரிக்ஸ் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கும், அதில் தொடங்குங்கள். முழுச் செம்புச் சன்னமும் நல்லது, அதுவும் உடையாது, இறைச்சியில் ஈயமும் இராது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே நீளத்தில் எடை குறையும், எனவே பெட்டியில் கிராமைப் பார்த்து வாங்குங்கள். .308 இல் இதற்கும் தெரிவு நிறைய.

மறுபக்கம் துளைத்துப் போவது ஏன் முக்கியம் என்று காட்டுக்குள் போனால்தான் விளங்கும். .308 வாங்கிய வருடம், ஒரு பசு எல்க், எழுபது மீட்டர். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெடி பட்டது. அது விழவில்லை, துள்ளவும் இல்லை. தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது, பிறகு ஒன்றும் நடக்காதது போல நடந்து மரங்களுக்குள் மறைந்தது. தவறவிட்டேன் என்று எனக்கு வயிறு கலங்கியது. இருபது நிமிடம் காத்திருந்து போய்ப் பார்த்தால், நின்ற இடத்தில் நுனி வெட்டிய மாதிரிக் கொஞ்சம் முடி. இரண்டு அடி தள்ளி புளூபெரிச் செடிகளின் இலையில் இளஞ்சிவப்பு இரத்தம், சவர்க்கார நுரைபோலச் சின்னச் சின்னக் குமிழிகளோடு. அது நுரையீரல் இரத்தம். இரண்டு பக்கமும் ஓட்டை என்பதால் வழிநெடுகச் சொட்டியிருந்தது, நாய் இல்லாமலே பின்தொடர முடிந்தது. ஐம்பது மீட்டர்கூட இல்லை, பாசியில் தலை வைத்துக் கிடந்தது. எல்க் நன்றாகப் பட்டாலும் அப்படித்தான் நிற்கும், நடக்கும். அது காலில் நிற்கிறவரை இரண்டாவது வெடி வைக்கத் தயங்காதீர்கள். கரும்பச்சையாக, புளித்த மணத்தோடு ஏதாவது கண்டால் அது வயிறு. ஒரு அடிகூட வைக்காமல் நின்று நாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

ரைபிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்லாந்தின் டிக்கா T3x வாங்கினால் யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். விலை நியாயம், போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், பெட்டியிலிருந்து எடுத்தபடியே நேராகச் சுடும். அதே தொழிற்சாலையின் சாக்கோ இன்னும் அழகு. ஜெர்மன் பிளேசர் R8 இல் போல்ட்டை நேராக இழுத்துத் தள்ளினால் போதும், இரண்டாவது வெடிக்கு வேகம், ஆனால் அந்தக் காசுக்கு நல்ல டிக்காவும் நல்ல ஸ்கோப்பும் சேர்த்தே வாங்கிவிடலாம். தோளில் வைக்கும் கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்றால், மழையிலும் பனியிலும் பிளாஸ்டிக் கவலையில்லாதது. முக்கியமானது உடம்புக்குப் பொருந்துவது. கடையில் தடித்த குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்கு நீளம். நம் ஆட்களில் பலருக்கு இங்கத்தைய அளவுகள் நீளமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டிக் குறைப்பது துவக்குத் திருத்துநருக்குச் சின்ன வேலை, வெட்கப்படாமல் கேளுங்கள்.

சைலன்சருக்கு நோர்வேயில் அனுமதி தேவையில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கலாம். இருபது, முப்பது டெசிபல் குறைக்கும், உதையையும் நன்றாகக் குறைக்கும். நாயின் காதுக்கும் நல்லது. சைலன்சர் இருந்தாலும் சத்தம் காதுக்கு ஆபத்தான அளவுதான், காதுக்கவசத்தைக் கழற்றாதீர்கள். நுனியில் முந்நூறு, நாநூறு கிராம் கூடுவதால்தான் குட்டைக் குழல் என்றேன்.

ஸ்கோப்பில் பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். கீழ் எண் முக்கியம். முப்பது மீட்டரில் எல்க் ஓடி வரும்போது நாலு மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் வெறும் பழுப்பு நிறம் மட்டும் தெரியும், எது முன், எது பின் என்று விளங்காது. 1-6 அல்லது 2-10 மடங்கு பெருக்கம், நடுவில் சிவப்புப் புள்ளி எரிவது, போதும். ரைபிளுக்குக் கொடுத்த அளவு காசை ஸ்கோப்புக்கும் கொடுங்கள். அக்டோபர் பின்னேரம் ஐந்து மணிக்கு அடர்காட்டில் நல்ல கண்ணாடியின் அருமை தெரியும்.

நாளைக்கு வேறு வேட்டைக்கும் போவேன் என்றால்? மேற்குக் கரையில் செம்மான், ஹர்டாங்கர்விட்டாவில் காட்டுக் கலைமான், இரண்டுக்கும் இதே .308 போதும். கலைமான் திறந்த மேட்டுநிலத்தில் கூட்டமாக நிற்கும். 200 மீட்டருக்கு மேல் என்றால் நெருங்கிப் போங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பின்னால் இன்னொன்று நிற்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வெடி. எல்க்குக்குச் சிலர் விரும்பும் 9.3×62, 1905 இல் பெர்லினில் உருவானது, 18.5 கிராம் சன்னத்தை மெதுவாகத் தள்ளும். உதை இருந்தாலும் வெட்டி இழுக்காமல் தள்ளுகிற மாதிரி இருக்கும், இறைச்சியையும் கெடுக்காது. நாலைந்து வருடம் கழித்து இரண்டாவது ரைபிளாக அதை யோசிக்கலாம். ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்கு .375 தேவை என்பதெல்லாம் இங்கே வேண்டாத பேச்சு.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று. மே மாதமே வேட்டைக்குப் பாவிக்கப்போகும் அதே தோட்டாவில் மூன்று பெட்டி, ஒரே தயாரிப்பு எண்ணில் வாங்கி வையுங்கள். 100 மீட்டரில் குறியைவிட நாலு சென்டிமீட்டர் மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால் கிட்டத்தட்ட 170 மீட்டர் வரை நடுப்புள்ளியை வைத்தபடி சுடலாம். சைலன்சரைக் கழற்றினால் குறி இடம் மாறும், ஆகவே போட்டே சரிசெய்யுங்கள், போட்டே வேட்டைக்குப் போங்கள். செப்டம்பர் 25 சீசன் தொடங்கும். அதற்கு முந்திய வாரம் திடலுக்குப் போய், குளிர்ந்த குழலில், ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பாருங்கள். அது எங்கே படுகிறதோ அங்கேதான் காட்டிலும் உங்கள் முதல் வெடி படும்.